‘வெட்டி’ என்று காட்டிய பலகை

தொழிற்சாலையில் என் மனைவிக்குப் பெயர் ‘பலகை அக்கா’. அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதலாளியே ஒருமுறை அப்படிக் கூப்பிட்டதை என் காதால் கேட்டேன். வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது என்பதால் நான் சொல்வதில்லை.

இரும்பு நாற்காலி, மேஜை, பீரோ செய்யும் தொழிற்சாலை அது. நான் அங்கே லாரி ஓட்டுகிறேன். தயாரான சரக்கை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவது என் வேலை. அவள் உள்ளே கண்ணாடி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், பெயிண்ட் பூசிய சாமான்களைச் சூட்டில் இறுக வைக்கும் ஓவனைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் குடும்பத்தில் பாதி அந்த மதிலுக்குள்தான் இருக்கிறது.

அவளைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். எந்தப் பொருளுக்கும் சரியான பெயர் இருந்தாக வேண்டும் அவளுக்கு. எங்கள் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருக்கும். ‘சீனி’ என்று ஒட்டிய டப்பாவில் ஒருநாள் அவசரத்துக்கு உப்பைக் கொட்டி வைத்துவிட்டேன். அன்று குடித்த டீயைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. தெருவில் போகும்போது கடைப் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். நான் கொஞ்சம் முன்னால் நடந்து போய், அவள் யாரோ எவரோ என்பதுபோல் நிற்பேன்.

பேக்கிங் பிரிவில், நாற்காலிக் கால்களுக்குக் காகிதம் சுற்றும் வேலையில்தான் சேர்ந்தாள். சேர்த்துவிட்டவர் அண்ணன். ஒருமுறை அட்டைப்பெட்டிகளில் ‘நார்காலி’ என்று அச்சாகி வந்துவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இவள் மட்டும் கறுப்புப் பேனாவை வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகத் திருத்திக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் திட்டுவதற்காக வந்தார். கூடவே வந்த இன்ஜினியர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இன்ஜினியர் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். நல்ல பிள்ளை. பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். எங்களிடம் மொத்தமாக நாற்காலி வாங்கும் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஒரு நாற்காலி செய்வதற்குள் எவ்வளவு கரிப்புகை வானத்துக்குப் போகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். இன்ஜினியர் அதற்காகத்தான் வந்திருந்தார். எங்கள் ஆட்கள் அதற்குக் ‘கரிக்கணக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எரிவாயுக் குழாயில் ஒரு மீட்டர், ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு கருவி, ஓவன் வாசலில் உள்ளே போகும் சாமானை எண்ணும் ஒரு மின்கண் என்று எல்லா இடத்திலும் மாட்டினார்கள். எல்லாம் சேர்ந்து நடுச்சுவரில் தொங்கிய பெரிய பலகையில் எண்களாக ஓடின. ஆரம்பத்தில் நான் நக்கலடித்தேன். ஆனால் நல்லதும் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு மெஷினும் ஓடாதபோது காற்று அழுத்தும் கம்ப்ரஸர் மட்டும் மூச்சிரைக்க ஓடுவதைப் பலகை காட்டிக் கொடுத்தது. தேடிப் பார்த்தால் குழாயெல்லாம் ஓட்டை. அந்த உஸ் என்ற சத்தத்தை நாங்கள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறோம். தொழிற்சாலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அடைத்த அன்று ஏதோ காது கேட்காமல் போன மாதிரி இருந்தது.

அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்ளத்தான் இவளைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார் இன்ஜினியர்.

சிக்கல் பலகையின் மொழியில் வந்தது. எல்லாம் ஆங்கிலம். மெஷின் ஓடினால் ஒரு சொல், அணைத்தால் ஒரு சொல், சும்மா எரிந்துகொண்டிருந்தால் ‘ஐடில்’ என்று ஒரு சொல். எங்கள் ஆட்கள் அதை ‘ஐடியல்’ என்று படித்தார்கள். பிரமாதம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஓவனுக்குத்தான் அந்தச் சொல் அடிக்கடி வந்தது. என் மச்சான் ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து, “மாப்ள, இருக்கறதுலயே நம்ம ஓவன்தான் ஐடியலாம். பலகையே சொல்லுது” என்றார். நானும் கைகொடுத்தேன். இவள் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

இன்ஜினியருக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். சொற்களைத் தமிழில் மாற்றிவிடலாம் என்று முடிவானது. பலகை விற்ற கம்பெனி அனுப்பிய தமிழில் ‘ஐடில்’ என்பதற்குச் ‘செயலற்ற நிலை’ என்று இருந்தது. வெல்டிங் ஆள் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “என்னங்க, ஆஸ்பத்திரியில படுத்திருக்கற மாதிரி இருக்கு” என்றார். அதனால், “நம்ம ஆளுங்க வாயில என்ன வருதோ அதையே போடுங்கக்கா” என்று பொறுப்பை இவளிடம் விட்டுவிட்டார் இன்ஜினியர்.

பெயர் வைப்பது என்றால் இவளுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு வாரம் ஒவ்வொரு பிரிவாகப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சாமான் இல்லாமல் மெஷின் ஓடினால் எல்லோரும் சொன்னது ஒன்றேதான். ‘வெட்டியா ஓடுது.’ சரியான சொல். சின்னச் சொல். எல்லோருக்கும் புரிந்த சொல். ஓடினால் ‘ஓட்டம்’, அணைத்தால் ‘நிறுத்தம்’, சும்மா எரிந்தால் ‘வெட்டி’ என்று பலகையில் ஏற்றினாள். அன்று மாலை வீட்டில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் நடுச்சுவரில், சிவப்பு எழுத்தில், தொழிற்சாலை முழுக்கத் தெரியும்படி வந்தது: ‘ஓவன் – வெட்டி’.

மச்சானுக்குத் தொழிற்சாலையில் பெயரே ‘ஓவன்’தான். பெயிண்ட் பிரிவுத் தலைவர் ஒருவர் உண்டு. தினமும் ஏழு கலர் பெயிண்ட் பொடியும் மேலே அப்பிக்கொண்டு வெளியே வருவதால் அவருக்கு ‘வானவில்’ என்று பெயர். அவர்தான் ஆரம்பித்து வைத்தார். “என்ன ஓவனாரே, இன்னைக்கும் வெட்டியா?” அவ்வளவுதான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பலகை சிவப்பாகும்போதெல்லாம் வெல்டிங் பக்கத்திலிருந்து ஒரு விசில் வரும். மச்சானும் முதல் இரண்டு நாள் சிரித்தார்.

பிறகு ஒருநாள் டீ நேரத்தில் என் மனைவியிடம், “மேடம், டீ எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார்.

அவர் அவளைப் பிறந்ததிலிருந்து ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பெரியவனுக்கு மீசை முளைத்த பிறகும் அவள் அவருக்குப் பாப்பாதான். அவள் விளையாட்டு என்று நினைத்து, “சரிங்க சார்” என்றாள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மேடம்தான். மத்தியானம் இருவரும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, இவள் பெட்டியிலிருந்து அவரும் அவர் பெட்டியிலிருந்து இவளும் எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். அதுவும் நின்றது. ஓவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட்டார்.

அதற்கான காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டு உறவினர் ஒருவர் என்னைத் தனியாகக் கூட்டிப் போய், “பொண்ணு தங்கம். அண்ணன்தான் வெட்டி” என்று சொன்னார். அவர்கள் அப்பா கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிப்பவர். சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. அம்மா தையல் கம்பெனிக்குப் போனார். பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் இருந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்ட வேண்டியிருந்தது. மச்சான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அப்பா போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருந்தார். மீசை வைத்த இளைஞன் பகலெல்லாம் வாசலில் தெரிந்தால் தெரு என்ன சொல்லும்? அந்தச் சொல்லைத்தான் சொன்னது. நான் அதைக் கேட்டேன், மறந்தும் போனேன். இவளோ பலகைக்குச் சொல் தேடியபோது அதை மெஷின்களுக்குச் சொல்லித்தான் கேட்டாள். அண்ணனோடு சேர்த்து அவள் நினைக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் ஓவன் சிவப்பாவது நின்றுவிட்டது. எப்போது பார்த்தாலும் பச்சையில் ‘ஓட்டம்’. கரிக்கணக்கும் மளமளவென்று இறங்கியது. முதலாளி பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதையே மறந்துவிட்டார். இவளும் வீட்டுக்கு வந்து, “அண்ணன் என்மேல கோவமா இருந்தாலும் வேலைய எப்படித் தூக்கி நிறுத்திட்டாரு பாத்தீங்களா” என்று பெருமை பேசினாள்.

ஒருநாள் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சும்மா வாயைத் திறந்தேன். “உங்க பலகைல வர்ற நாற்காலியெல்லாம் எங்க போகுது? என் வண்டிக்கு வரலையே?”

“என்ன சொல்றீங்க?”

“முன்னாடி எவ்வளவு ஏத்தினேனோ அவ்வளவுதான் இப்பவும் ஏத்தறேன். நீ என்னவோ மலை மலையா வருதுங்கற.” அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடாது. “அப்பறம், பின்வாசல்ல கழிச்சுப் போட்ட வெள்ளை நாற்காலிங்க கொஞ்சம் இருந்துச்சுல்ல? அதுங்க மொதல்ல மஞ்சளாச்சு. இப்ப டீ கலருக்கு வந்துருச்சு. வெயில்ல இவ்வளவு கருக்குமா என்ன?”

அவள் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. எனக்குப் புரிவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. வெயிலில் பெயிண்ட் அப்படிக் கருகாது. திரும்பத் திரும்ப ஓவனுக்குள் போய் வந்தால் கருகும். ஓவனுக்குள் போகும் சங்கிலியில் கொக்கிகள் வரிசையாகத் தொங்கும். காலிக் கொக்கி போனால் வாசலில் இருக்கும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உடனே வெட்டி என்று காட்டும். கழித்துப்போட்ட நாற்காலியை மாட்டி அனுப்பினால்? ஓட்டம் என்று காட்டும். அதையும் ஒரு புது நாற்காலியாகச் சேர்த்துக்கொள்ளும். எரிவாயு கூடுதலாகத்தான் எரிகிறது. ஆனால் இல்லாத நாற்காலிகள் தலைக்கும் சேர்த்துப் பங்கு போட்டால், ஒரு நாற்காலிக்கு விழும் கரி குறைந்துதானே தெரியும்?

“வாங்கற கம்பெனிலேருந்து இந்த வாரம் ஆளுங்க வர்றாங்க” என்றாள். “பலகைய நான்தான் நின்னு காட்டணும்.”

மறுநாள் விடுமுறை. காலையிலேயே மச்சான் வீட்டுக்குப் போனோம். அவர் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை மட்டும் தொட்டிக்கு மேலே தெரிந்தது. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்ததும் கீழே போய்விட்டார்.

“அண்ணே, அந்த டீ கலர் நாற்காலிங்க…” என்று இவள் ஆரம்பித்தாள்.

“கண்டுபுடிச்சிட்டீங்களா மேடம்?” தேய்ப்பதை அவர் நிறுத்தவில்லை. “நான்தான் மாட்டினேன். வேற யாரையும் கேக்க வேண்டாம்.”

“ஏண்ணே?”

பிரஷ்ஷை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “பெயிண்ட்காரங்க மணிக்கொரு கலர் மாத்தறாங்க. மாத்தறதுக்கு நடுவுல கழுவணும். அதுவரைக்கும் எனக்குச் சாமான் வராது. சரின்னு அணைச்சா, மறுபடி சூடேறதுக்குள்ள வந்து குவிஞ்சிடும், பெயிண்ட் புடிக்காது, அதுக்கும் நான்தான் திட்டு வாங்கணும். அணைக்காம வச்சிருந்தா வெட்டி. என்ன பண்ணச் சொல்ற? சாமான் வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன். காத்துக்கிட்டு இருக்கறவனுக்குப் பேரு வெட்டியா?”

அவர் குரல் இறங்கியது.

“அப்பா பக்கத்துல உக்காந்திருந்தேன். அப்பவும் இதே பேருதான். தெருவுல சொன்னாங்க, சொந்தக்காரன் சொன்னான், அம்மாகூட ஒருநாள் அசதியில சொல்லிடுச்சு. நீ ஒருத்திதான் சொன்னதில்ல. பாப்பா படிச்சு முடிக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ படிச்ச. படிச்சு, அதையே செவுத்துல எழுதிட்ட.”

இவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தானே கேட்டேன் அந்தச் சொல்லை, கேட்டுவிட்டு மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டேன். அவர் மட்டும் அழவில்லை. அழுது முடித்து அவள், “நாளைக்கு இன்ஜினியர்கிட்ட சொல்லப்போறேன்ணே” என்றாள்.

“சொல்லுங்க மேடம்” என்று மறுபடி குனிந்துகொண்டார்.

வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன். “உன் அண்ணன் வயித்துல நீயே அடிக்கப் போறியா? வேலை போயிடும், தெரியுமில்ல? ஒலகத்துல எவன் கணக்கு சரியா இருக்கு? ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தா வந்தவங்க பாத்துட்டுப் போயிடுவாங்க.”

“அந்தப் பேரை எழுதினது என் கை. அந்தக் கணக்கக் காட்டப்போறதும் என் கை” என்றாள். “உப்பு டப்பாவுல சீனின்னு ஒட்டிட்டு, வர்றவங்களுக்கு நான் எப்படிங்க டீ போட்டுக் குடுப்பேன்?”

உப்பு டப்பா வந்துவிட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மறுநாள் அவள் இன்ஜினியர் அறைக்குப் போனபோது, ட்ரிப் சீட்டில் கையெழுத்து வாங்குகிற சாக்கில் நானும் கதவோரம் நின்றுகொண்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. “ஓவன் கணக்கு தப்பு சார். காலிக் கொக்கியில பழைய நாற்காலிய மாட்டிவிட்டிருக்காங்க. மாட்டினது என் அண்ணன். மாட்ட வச்சது நான் போட்ட சொல்லு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். “போன மாசக் கணக்கை நான் மேல அனுப்பிட்டேன்க்கா. என்னையும்தான் கேப்பாங்க” என்றார். எனக்கு அந்த ஆளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கடைசியில், “சொல்லாம இருக்க முடியாது, இல்லக்கா?” என்றார். அவளிடம் கேட்ட மாதிரியும் இல்லை.

“ஒண்ணு கேக்கணும் சார். அந்தச் சொல்ல நான் மாத்திக்கலாமா?”

“என்னன்னு?”

“காத்திருக்கு.”

மாற்றச் சொன்னார். மத்தியானத்துக்குள் மாறியும்விட்டது. ஆனால் அதைப் படிக்க மச்சான் அங்கே இல்லை. முதலாளி போட்ட சத்தத்தில் கண்ணாடி அறையே அதிர்ந்தது. திரும்பக் கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். டிபன் பெட்டியும் கையுமாக அவர் வாசலைத் தாண்டிப் போனதை நான் லாரிக் கண்ணாடியில் பார்த்தேன். இறங்கிப் போகவில்லை. ஹார்னைக்கூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

திருத்திய கணக்கு, பலகையே இல்லாத காலத்தைவிட மோசமாக இருந்தது. அதைத்தான் வந்தவர்களிடம் காட்ட வேண்டியிருந்தது. வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். குதிகால் உயரமில்லாத காலணி போட்டுக்கொண்டு தொழிற்சாலை முழுக்க நடந்தார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். என் மனைவி பலகைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னாள். பொய் எண் எது, உண்மை எண் எது, பொய் எப்படி வந்தது, எல்லாம். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்ற வேண்டிய சரக்கு நின்றுபோயிருந்ததால் நானும் எங்கள் ஆட்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது பலகை மாறியது. ‘ஓவன் – காத்திருக்கு’.

அந்த அம்மாள் அண்ணாந்து படித்தார். “எதுக்காகக் காத்திருக்கு?”

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வெட்டி என்று இருந்தவரை அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. வெட்டி என்றால் யார் என்று திரும்பிப் பார்ப்போம், சிரிப்போம், அதோடு முடிந்தது. காத்திருக்கிறது என்றால் எதற்காக என்று கேட்காமல் இருக்க முடியாது.

“எங்களுக்காகத்தாங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வானவில். முகமெல்லாம் பச்சைப் பொடி. “நாங்க கலர் மாத்தற நேரம் பூரா அது சும்மா எரியும். அந்த ஓவன்காரரைக் கேலி பண்ணினதும் நாங்கதான்.”

“ஏன் இத்தனை தடவை கலர் மாத்தறீங்க?”

வானவில் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஆர்டர் வர்ற வரிசைப்படி அடிக்கறோம் மேடம். வெள்ளை, சிவப்பு, மறுபடி வெள்ளைன்னு… நீங்க அனுப்பற வரிசைதான்.”

அந்த அம்மாள் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பலகையை இன்னொருமுறை படித்தார். “அப்ப அது எங்களுக்காகவும்தான் காத்திருக்கு” என்றார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் நான் லாரிக்காரன் இல்லை, கதாகாலட்சேபக்காரன். பொய்க் கணக்குக்காக ஆர்டரில் பாதியை வெட்டினார்கள். மீதிப் பாதிக்கு, கரியை உண்மையாகவே குறைக்கச் சொல்லித் தவணை கொடுத்தார்கள். முதலாளி எங்களையெல்லாம் பார்த்த பார்வை ரொம்ப நாள் அப்படியே இருந்தது. மச்சானைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி வானவில் போய் நின்றார், இன்ஜினியரும் போய் நின்றார். இவள் மட்டும் போகவில்லை. “நான் போனா தங்கச்சிங்கறதால கேக்கற மாதிரி ஆயிடும்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடி அறையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தினமும் வேலை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருவாள். அவர் கதவைத் திறப்பார், உட்காரச் சொல்வார். பேச்செல்லாம் அண்ணியோடுதான்.

இப்போது ஒரு கலரை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்த கலர். வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிப்பார்கள். வெள்ளை தீரப் போகிறது, இவ்வளவு இடைவெளி விழும் என்று பலகை முன்கூட்டியே ஓவனுக்குச் சொல்லிவிடும். இடைவெளி பெரிதென்றால் அணைக்கலாம், சாமான் வருவதற்கு முன் மறுபடி பற்ற வைத்துக்கொள்ளலாம். கரிக்கணக்கு உண்மையிலேயே இறங்கியது. அதைப் பார்த்து, வெட்டிய ஆர்டரைத் திரும்பக் கொடுத்ததோடு கூடுதலாகவும் கொடுத்தார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஒரு நாற்காலிக்கு விழும் கரி குறைந்தது சரி. நாற்காலி கூடிவிட்டதே? மொத்தமாக எரியும் வாயு அப்படியொன்றும் குறையவில்லை என்று இவளே ஒருநாள் சொன்னாள். வானம் நாற்காலியையா எண்ணிக்கொண்டிருக்கிறது? என் லாரியும் இப்போது கூடுதல் நடை போகிறது. அந்தப் புகை பலகையில் எங்குமே இல்லை. இன்ஜினியரிடம் கேட்டேன். “அதுவும் ஒருநாள் வரும்ணே” என்றார். வந்தால் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். நான் பாதிதான் விளையாட்டாகக் கேட்டேன்.

மச்சான் திரும்பி வந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வீட்டில் இருந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் உள்ளே வந்தவர் நடுச்சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ‘ஓவன் – காத்திருக்கு’ என்று இருந்தது. உண்மைதான், யாரோ முன்கூட்டியே பற்ற வைத்திருந்தார்கள், சாமான் இன்னும் வரவில்லை. பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் நான் கேன்டீனுக்குப் போனபோது இவள் பழைய மேஜையில் உட்கார்ந்திருந்தாள். டிபன் பெட்டி மூடியபடியே இருந்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். “அவர் வரமாட்டாரு. ஓவன் பக்கத்துலயே நின்னு சாப்பிட்டுக்குவாரு. நீ பிரி” என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேன்டீன்காரர் மேஜைகளைத் துடைத்துக்கொண்டே எங்கள் மேஜைவரை வந்துவிட்டார்.

வாசலில் மச்சான் தெரிந்தார். கையில் அவர் பெட்டி. மெதுவாக நடந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மூடியிருந்த அவள் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்ன பாப்பா, இன்னும் சாப்பிடாம வெட்டியா உக்காந்திருக்க?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. நான் தலையில் தட்டினேன். அவர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, அவள் பெட்டியை அவரே திறந்து முதல் கவளத்தை எடுத்தார்.